துரை கல்யாணத்துக்காக நான் ஓடிய ஓட்டம்

குதிரைக்காரன் வேலை என்றதும் குதிரைமேல் ஏறிப் போகிற வேலை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குதிரைமேல் போகிறவர் துரை, பின்னால் ஓடுகிறவன்தான் குதிரைக்காரன்.

இதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கண்டிச் சீமையில் துரைமாருக்குப் பின்னால் ஓடி ஓடிக் கெண்டைக்கால் இறுகிப்போன அண்ணன் தம்பிமாருக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு தோளில் கம்பளி, இன்னொரு தோளில் கொள்ளுப் பை. துரை குதிரையை விரட்டினால் நாம் நம்மையே விரட்டிக்கொள்ள வேண்டும். அவர் எங்கே இறங்குகிறாரோ அங்கே கடிவாளத்தைப் பிடிக்க நம் கை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. துரைமார் நம்மை ஓர் ஆளாகவே எண்ணுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் நம் கண் முன்னாலேயே செய்வார்கள். வெள்ளைக்காரன் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள என்ன பாடு படுகிறான் என்பதை அவனைப் பெற்றவள்கூடப் பார்த்திருக்க மாட்டாள். நான் மூன்று வருசம் பத்தடி பின்னால் நின்று பார்த்தேன். கண்டிக்கு ரயில் வராத காலம், மலையெல்லாம் கோப்பியாக நின்ற காலம் அது.

மாமன் போட்ட நிபந்தனை

என் பெயர் சடையன். என் துரையின் கோப்பித் தோட்டம் ஹந்தானை மலையில். ஆள் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், அதனால் தோட்டத்தில் அவருக்கு நெட்டைத் துரை என்று பெயர். முப்பது வயது தாண்டியும் ஒண்டிக்கட்டை. நானும் ஒண்டிக்கட்டைதான், ஆனால் எனக்குப் பெண் இருந்தது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் தாய்மாமன் மகள் பூவாயி. காது குத்தின அன்றைக்கே எனக்கென்று பேசி முடித்தவள்.

நாள் குறிக்கலாம் என்று வெற்றிலை பாக்கோடு போனேன். மாமன் வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "கட்டி எங்கடா குடி வைக்கப் போற?" என்றார். பங்களாவில், லாயத்துக்குப் பின்னால் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது என்றேன். அவ்வளவுதான், மனிதர் எச்சிலைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தனிக்கட்டைத் துரைமாரின் பங்களாக்களில் நடக்கிற கூத்தெல்லாம் கங்காணிமாருக்கு அத்துப்படி. எங்கள் துரை அப்படிப்பட்டவரில்லை, தோட்டத்துப் பெண்கள் எதிரே வந்தால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர் என்று சத்தியம் பண்ணினேன். எடுபடவில்லை. மாமன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "பொம்பள இல்லாத பங்களாவுக்கு எம் மகள அனுப்பமாட்டேன். ஒங்க தொரை மொதல்ல ஒரு தொரசாணியக் கொண்டாரட்டும், மறுநாளே நீ வந்து தாலியக் கட்டு."

கை மேஸ்

அன்றிலிருந்து துரைக்கு ஒரு பெண் அமைய வேண்டுமே என்று துரையைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். சாமி கண் திறந்தது. கண்டிக் குளத்தங்கரை வீடு ஒன்றில் இருந்த பெரிய உத்தியோக வெள்ளைக்காரரின் மகள் சீமையிலிருந்து வந்து சேர்ந்தாள். செம்பட்டைத் தலைமுடி, குதிரைச் சவாரியில் கெட்டிக்காரி. நாங்கள் மிஸ்ஸி என்போம். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் முடிந்ததும் மிஸ்ஸியும் துரையும் குளக்கரையில் நடப்பார்கள். குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான்.

முதல் ஞாயிறு, மிஸ்ஸி கையில் போட்டிருந்த வெள்ளை மேஸ் ஒன்று கீழே விழுந்தது. காலுக்கு மாட்டுகிற உறை போதாதென்று கைக்கும் மேஸ் போடுகிற சனம் அது. துரை குனிவதற்குள் நான் ஓடிப்போய் எடுத்து, தூசி தட்டி, மிஸ்ஸி கையிலேயே கொடுத்தேன். அடுத்த ஞாயிறும் விழுந்தது. நான் இன்னும் வேகமாக ஓடினேன். பாவம், இந்த வயதிலேயே பெண்ணுக்குக் கைநடுக்கம் போலிருக்கிறதே, துரைக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசனை. மூன்றாம் ஞாயிறு மேஸ் தரையைத் தொடுமுன்னே பிடித்துவிட்டேன். மிஸ்ஸி முகம் சிவந்து விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். துரை, தோட்டத்து ஆட்களிடம் படித்த தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "சடையா, நீ ரொம்ப நல்ல ஆள். ஆனா இனிமே ஞாயித்துக்கிழமையில நீ குருடன்."

கோப்பிப்பூ

பங்குனியில் ஒரு மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் கோப்பிக்காடு முழுக்க ஒரே நாளில் பூத்துவிடும், பார்த்திருப்பீர்கள். துரையும் பார்த்தார். ஒரு கூடை நிறையப் பறித்து மிஸ்ஸிக்குக் கொண்டுபோ என்றார். மூன்று மைல் இறக்கம், வெயிலில், தலையில் கூடையோடு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பாதிப் பூ பழுப்பாகிவிட்டது. மிஸ்ஸி மோந்து பார்த்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கூடையைக் கொல்லைப்பக்கம் வைக்கும்படி கையைக் காட்டினாள்.

திரும்பி வந்ததும் துரை ஓடி வந்து, "மிஸ்ஸி சிரிச்சாங்களா?" என்று கேட்டார். நான் என் பூவாயியை நினைத்துக்கொண்டு, "சிரிச்சாங்க தொரை, ரொம்பச் சிரிச்சாங்க" என்றேன். துரை விசிலடித்துக்கொண்டு உள்ளே போனார். பங்களாவில் சமைக்கிற சிங்கள அப்பு, கரண்டியும் கையுமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவர், பெருமூச்சு விட்டார்: "பூவை எல்லாம் பறிச்சு நோனாவுக்கு அனுப்பினா காய் எங்கே இருந்து வரும்? இந்த மகாத்தயா கல்யாணம் கட்டுற நேரம் தோட்டம் இருக்காது."

மழையும் வெயிலும்

ஒரு வருசம் போயிற்று, இரண்டாவது வருசமும் போயிற்று, காரியம் நகரவில்லை. இதற்கிடையில் பட்டாளத்துக் கேப்டன் ஒருவரும் மிஸ்ஸியைச் சுற்ற ஆரம்பித்தார். என் துரைக்கு ஞாயிறு, கேப்டனுக்குச் சனி. கேப்டனின் குதிரைக்காரர் மீரான் காக்கா கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், இங்கிலீசு காதால் கேட்டால் விளங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் சும்மா குளக்கரைக்கு வந்திருந்தார். "இவங்க என்னதான் பேசுறாங்க காக்கா?" என்று கேட்டேன். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மழையப் பத்தி" என்றார். "போன வாரமும் பேசிக்கிட்டேதான இருந்தாங்க?" "அது வெயிலப் பத்தி. எங்கட கேப்டனும் அதேதான்."

எனக்கு வயிறு எரிந்தது. நம் சனத்தில் கல்யாணப் பேச்சு என்றால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நாம் குடியிருக்கிற லயம் அதிரக் கத்துவார்கள். பெண்ணையும் பையனையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இங்கே பெரியவர் யாரும் வாயைத் திறக்கவில்லை, சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் பேசவேண்டியதை விட்டு வானத்தைப் பேசினார்கள். நான் ஹேவாஹெட்டவுக்குப் போகும்போதெல்லாம் மாமன், "ஒங்க தொரை பேசிட்டாரா?" என்பார். "பேசிக்கிட்டேதான் இருக்காரு மாமா" என்பேன். பூவாயி கோப்பிப்பழச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே போவாள். அவளோடு சேர்ந்த பெண்களுக்கெல்லாம் இடுப்பில் பிள்ளை. அதைப் பார்த்துவிட்டு மலையேறி வருகிற வழியில் நான் அழுதிருக்கிறேன், சொல்வதற்கென்ன வெட்கம். மீரான் காக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்: "எங்கட ஆக்கள் பேசி முடிச்சிட்டுத்தான் தம்பி பொண்ணப் பாப்பாங்க. இவனுகள் பாத்துப் பாத்தே பேச மறந்து போறானுகள்."

வாய்க்கட்டு

மூன்றாவது வருசம் ஒருநாள் அப்பு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். துரையின் கோட்டைத் தட்டிவைக்க எடுத்திருக்கிறார். உள்பையில் மடித்த காகிதம். பிரித்தால், நீல ரிப்பன் கட்டிய செம்பட்டைத் தலைமுடி! மிஸ்ஸியின் முடிதான், சந்தேகமே இல்லை. அப்பு இரண்டடி பின்னால் போய், "ஹூனியம்" என்றார். நாம் சூனியம் என்பதைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. இது வாய்க்கட்டு! கேப்டன் பக்கம் யாரோ சூனியக்காரனைப் பிடித்து, மிஸ்ஸியின் முடியில் செய்து, என் துரையின் சட்டைப்பையில் வைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் படித்த மனிதர் மூன்று வருசமாக மழையைப் பற்றியே பேசுவாரா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துரை சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தார். நான் பூனை மாதிரிப் போய், முடியை அவர் தலையை மூன்று தரம் சுற்றி, ஒரே ஓட்டமாக ஓடி மகாவலி கங்கையில் விட்டேன். ரிப்பன் நல்ல ரிப்பன், அதில் என்ன தோஷம் என்று பூவாயிக்காக மடியில் முடிந்துகொண்டேன். திரும்பி வந்தால் பங்களாவே தலைகீழாகக் கிடக்கிறது. அலுமாரியில் இருந்ததெல்லாம் தரையில். துரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார். அப்போதுதான் அப்புவுக்கு ஞாபகம் வருகிறது, பழைய துரையும் இப்படி ஒரு முடியை வைத்திருந்தாராம், விருப்பமான பெண் கொடுத்தால் வெள்ளைக்காரர் அப்படித்தான் பத்திரப்படுத்துவார்களாம். அட பாவி மனுசா, இதை மத்தியானமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

லாயத்துக்கு ஓடினேன். நம்முடைய குதிரை செவலை, அதே நிறம். பிடரியில் ஒரு கொத்து வெட்டி, சீயக்காய் போட்டு அலசிக் காயவைத்து, மனமில்லாமல் அந்த நீல ரிப்பனையே கட்டி, கோட்டின் உள்துணிக்குள் விழுந்து கிடந்தமாதிரிச் செருகிவிட்டேன். துரை கண்டுபிடித்து, கண்ணில் ஒற்றி, முத்தம் கொடுத்தார். கதவிடுக்கில் நின்று பார்த்த அப்பு என் காதோடு சொன்னார்: "சடையா, இதை யாருக்கும் சொல்லாதே. குதிரைக்குக் கூடச் சொல்லாதே."

பேராதனையில் ஒரு சனிக்கிழமை

ஒரு சனிக்கிழமை காலை மீரான் காக்கா ஆள் விட்டார்: இன்றைக்குப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மிஸ்ஸி வீட்டார் போகிறார்கள், கேப்டனும் பின்னேரம் வருகிறார், கேட்டுவிடப்போகிறார். மூன்று வருசத்தில் முதல்தடவையாகத் துரையின் சொந்த விசயத்தில் வாயைத் திறந்தேன். "தொரை, கேப்டன் தொரை இன்னிக்கு மிஸ்ஸியக் கேக்கப் போறாருங்க." துரை பாதிச் சவரத்தோடு குதிரையில் ஏறினார். அன்றைக்கு ஓடின மாதிரி நான் என்றைக்கும் ஓடினதில்லை.

ஆற்றோர மூங்கில் பக்கம் மிஸ்ஸியைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். நான் குதிரையோடு பின்னால். துரை தொண்டையைச் செருமினார். என்ன சொன்னார் தெரியுமா? "ரெயின்" என்றார்! வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எனக்கு அங்கேயே விழுந்து செத்துவிடலாம் போலிருந்தது. அவருக்கே பொறுக்கவில்லை போலும், சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். மிஸ்ஸி முடியை வாங்கி, விரலில் உருட்டினாள். மோந்து பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் குதிரையின் பிடரியில் குறைந்திருந்த இடத்தைப் பார்த்தாள். துரையும் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: அப்பு, ஹூனியம், மகாவலி, என் மாமன், பூவாயி, ஒன்று விடவில்லை. மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது; என்ன சொல்கிறான், என்ன சொல்கிறான் என்று துரையின் கையைப் பிடித்து உலுக்கினாள். துரை ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொல்லிக்கொண்டே வந்தார். 'நான் உன்னைக் கேட்க நினைத்து மூன்று வருசமாக வாய் வராமல் இருந்ததால் இவன் வாய்க்கட்டு என்று எண்ணிவிட்டான்' என்கிற இடத்துக்கு வந்ததும், சொன்னது இன்னதென்று உறைத்து, அப்படியே நின்றுவிட்டார். மிஸ்ஸி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். துரை தொப்பென்று ஒற்றை முழங்காலில் விழுந்தார். காலில் ஏதோ குத்திவிட்டதாக்கும் என்று ஓடப் பார்த்தேன். பிறகு புத்தி வந்து, சனிக்கிழமையானாலும் பரவாயில்லை என்று குருடனாகவே நின்றேன். மிஸ்ஸி சரியென்று தலையாட்டினாள். திரும்பும்போது துரை குதிரைமேல் ஏறாமல் என்னோடு நடந்தே வந்தார். பாலம் தாண்டியதும் சொன்னார்: "சடையா, உன்னை உதைக்கணும். குதிரைக்கு இன்னிக்கு ரெண்டு பங்கு கொள்ளு வை."

ஆயா வேலை

துரைசாணி பங்களாவுக்கு வந்த மறுநாளே நான் ஹேவாஹெட்டவுக்கு ஓடினேன். மாமன் சொன்ன சொல் தவறவில்லை, இடத்தைப் பார்த்துவிட்டு நாள் குறிக்கலாம் என்று பூவாயியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பங்களாப் படியில் கால் வைக்கும்போது அப்பு எதிரே வந்தார். துரைசாணி, தனக்குக் கூடமாட இருந்து உடுத்திவிட ஓர் ஆயா தேடுகிறாராம். லாயத்துப் பக்கம் குடும்பம் குட்டி வேண்டாமாம். ஆயா வீட்டுக்குள்ளேயே படுக்கவேண்டும், அதனால் கல்யாணமாகாத பெண்தான் வேண்டுமாம்.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமனுக்கோ முகமெல்லாம் பல். "பங்களாவுல ஆயா வேலையா! அப்ப கல்யாணத்த ரெண்டு வருசம் தள்ளி வைப்போம் மாப்ள. ஒனக்கென்ன வயசா போயிருச்சு?" மூன்று வருசம் ஓடியும் களைக்காத என் கால் அந்த இடத்தில் களைத்துவிட்டது. பூவாயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமன் எங்களைத் தள்ளிக்கொண்டு போன விறாந்தையில் துரைசாணி கதிரையில் இருந்தார், பக்கத்தில் துரை புகைகிற சுங்கானோடு. முற்றத்தில் புல்லுப் பிடுங்குகிற பெண்கள் நாலைந்து பேர். துரைசாணி பூவாயியைக் காட்டி என்னிடம் இங்கிலீசில் கேட்டார். அவ்வளவு இங்கிலீசு எனக்கும் விளங்கும். "ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேக்குறாங்க" என்று பூவாயியிடம் சொன்னேன். "இல்லைன்னு சொல்லு" என்று மாமன் பின்னாலிருந்து அவள் முதுகை இடித்தார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவள் பேசட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. மாமனுக்குப் பயந்து, நானே 'நோ' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் பூவாயி தலையை நிமிர்த்தி, என்னைப் பார்க்காமல், துரைசாணியை நேருக்கு நேர் பார்த்து, முற்றம் முழுக்கக் கேட்கிறமாதிரிச் சொன்னாள்: "ஆயிருச்சுங்க. இவருதான் எம் புருசன்."

புல்லுப் பிடுங்கின கையெல்லாம் நின்றது. நான் மாற்றிச் சொல்ல வழியில்லை, துரைக்குத்தான் தமிழ் தெரியுமே. அவர் சுங்கானை வாயிலிருந்து எடுத்து, மனைவியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். துரைசாணி பூவாயியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா வேலை டவுன் பெண் ஒருத்திக்குப் போயிற்று. மாமன் தெருவோரக் கல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் மலையிறங்குமுன்னே செய்தி லயத்துக்கு லயம் போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் புருசன் என்று சொன்ன பெண்ணை இனி எவன் கட்டுவான்? ரெண்டு வருசம் என்ற பேச்சை அவரே விழுங்கிவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமையே தாலி என்றார், தன் லயத்திலேயே நாங்கள் குடியிருக்க ஒரு காமராவும் ஒழித்துத் தந்தார். நான் குதிரையை விட்டுவிட்டு மாமன் கீழே கோப்பி பறிக்கப் போனேன். அன்றைக்கு இறங்கி வருகிற வழியில், மாமன் முன்னால் போகட்டும் என்று பின்தங்கி, "ஏன் புள்ள, கைக்கு வந்த வேலைய இப்பிடிப் போட்டு ஒடச்சிட்டியே?" என்று கேட்டேன். பூவாயி அப்போதுதான் என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள்: "மூணு வருசமா நான் காத்துக்கிட்டிருந்தது வேலைக்கா மச்சான்?"

அடுத்தவர் கல்யாணத்துக்காக மூன்று வருசம் ஓடின நான், என் கல்யாணத்துக்காகச் செய்தது, திறந்த வாயை மூடாமல் நின்றது ஒன்றுதான்.